எந்தப் பெட்டியில் வாங்குவது? கொங்குச் சேகரிப்பாளருக்கு பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. ரெஜிஸ்ட்ரிகள்

ஸ்லாப்பில், அதாவது தரம் போட்டு மூடிய சான்றுப் பெட்டியில், இருக்கும் 1862 விக்டோரியா ரூபாய் ஒன்றை வெளிநாட்டு ஏலத்தில் எடுத்துக் கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்துவிட்டால், பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற இரு அமெரிக்கத் தர நிறுவனங்களில் அது எதன் பெட்டியில் வந்ததோ அந்தப் பெட்டியில்தான் இனி இருக்கும். அந்த நிறுவனங்கள் நடத்தும் காசுத் தொகுப்புப் போட்டியான செட் ரெஜிஸ்ட்ரியில் இறங்க நினைக்கிற நம் பக்கத்துச் சேகரிப்பாளர் முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும். பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

காரணம் சட்டம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த காசு தொல்பொருள். அதைத் தனி ஆள் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. “விற்கவா அனுப்புகிறேன், கிரேடிங் முடிந்ததும் திரும்பி வந்துவிடுமே” என்று சொல்லித் தப்ப வழியில்லை. அனுப்பினாலே அது ஏற்றுமதி.

ஓர் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒரு நிறுவனத்தின் ஸ்லாப்பில் காசை வாங்கிவிட்டு, பிடிக்காவிட்டால் மற்ற நிறுவனத்துக்கு அனுப்பிப் பெட்டி மாற்றிக்கொள்வார். கிராஸ்ஓவர் என்பது அதுதான். அந்த வசதியை மனதில் வைத்து எழுதிய ஒப்பீடுகளைப் படித்துவிட்டு ஈரோட்டிலோ திருப்பூரிலோ உட்கார்ந்து முடிவெடுத்தால் கணக்குத் தப்பும். இங்கே பழைய காசுக்கு ரெஜிஸ்ட்ரியைத் தேர்ந்தெடுப்பது வாங்கும் நிமிடத்திலேயே முடிந்துபோகிறது.

இரண்டும் எங்கே வேறுபடுகின்றன

பி.சி.ஜி.எஸ். 1986-இல் காசுகளுக்குத் தரம் போடத் தொடங்கியது, என்.ஜி.சி. 1987-இல். இரண்டும் வில்லியம் ஷெல்டன் 1949-இல் வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலைத்தான் பின்பற்றுகின்றன. ரெஜிஸ்ட்ரி என்பது அந்தத் தர எண்களை வைத்து நடக்கும் போட்டி. ஒரு வரிசைக் காசுகளுக்கு நிறுவனம் கட்டங்களை வரையறுத்துக் கொடுக்கும். ஸ்லாப்பின் சான்று எண்ணை உள்ளிட்டு அந்தக் கட்டங்களை நிரப்ப வேண்டும். யார் செட் மேலே நிற்கிறது என்பதை மென்பொருள் கணக்கிடும். சேர்வதற்குக் கட்டணம் இல்லை, செலவெல்லாம் காசில்தான்.

எந்தப் பெட்டியை ஏற்பார்கள் என்பது முதல் வேறுபாடு. பி.சி.ஜி.எஸ். தன் ஸ்லாப்பைத் தவிர வேறெதையும் போட்டி செட்டில் சேர்ப்பதில்லை. என்.ஜி.சி. நெடுங்காலம் மற்றவர் ஸ்லாப்புக்கும் இடம் கொடுத்துவந்து, 2017-இல் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தியது. பிறகு விதி மறுபடியும் தளர்ந்தது. ஆனால் அமெரிக்கக் காசுக்குச் சொன்ன விதி இந்தியக் காசுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சேரப்போகும் செட்டின் பக்கத்தைத் திறந்து, அதற்கு என்ன விதி என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

மதிப்பெண் கணக்கில்தான் இரண்டும் உண்மையில் வேறு வேறு குணம் கொண்டவை. பி.சி.ஜி.எஸ். ஒவ்வொரு கட்டத்துக்கும் 1 முதல் 10 வரை ஒரு வெயிட்டேஜ் வைக்கிறது. கிடைக்காத காசுக்கு அதிகம், எளிதில் கிடைப்பதற்குக் குறைவு. காசின் தர எண்ணை வெயிட்டேஜால் பெருக்கிக் கூட்டி, மொத்த வெயிட்டேஜால் வகுக்கிறார்கள். மூன்றே கட்டம் உள்ள ஒரு செட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக வைத்தவை. அரிய காசுக்கு வெயிட்டேஜ் 10, தரம் 62. இரண்டாவதற்கு 2, தரம் 66. மூன்றாவதற்கு 1, தரம் 67. கூட்டினால் 620 + 132 + 67 = 819. அதை 13-ஆல் வகுத்தால் 63.

இப்போது கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. மூன்றாவது காசை 67-இலிருந்து 68-க்கு ஏற்றினால் 820-ஐ 13-ஆல் வகுக்க வேண்டும், 63.08 வரும். செட் அசையவே இல்லை. அதே பணத்தில் அரிய காசை 62-இலிருந்து 63-க்கு ஏற்ற முடிந்தால் 63.77. அரிய காசே இல்லாமல் மற்ற இரண்டை மட்டும் வைத்திருந்தால் 199-ஐ 13-ஆல் வகுத்து 15.31 என்று செட் தரையில் கிடக்கும். இருக்கிற காசுகளின் சராசரி 66-ஐத் தாண்டியிருந்தும் பயனில்லை. பெரிய காசை வாங்க வழியில்லாத செட்டில் பி.சி.ஜி.எஸ். பக்கம் இறங்கினால் ஆண்டுக்கணக்கில் அடிவரிசையில் நிற்க வேண்டியதுதான். எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு வெயிட்டேஜ் என்பது செட்டின் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் காசு வாங்கும் முன்பே அதைத் தாளில் எழுதிவையுங்கள். தர எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் கூட்டல் குறிக்கு அரைப் புள்ளி கிடைக்கும் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

என்.ஜி.சி. கூட்டல் முறையில் போகிறது. ஒவ்வொரு காசுக்கும் ஒவ்வொரு தரத்துக்கும் தனிப் புள்ளி உண்டு, எல்லாவற்றையும் கூட்டினால் செட்டின் மதிப்பெண். தரம் மேலே போகப் போகப் புள்ளி சமமாக ஏறுவதில்லை, அரிய தரத்தில் தாவுகிறது. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மற்றவை சேர்த்த புள்ளி அப்படியே நிற்கும். அதோடு உங்கள் எல்லா செட்களின் புள்ளியையும் சேர்த்து ஒட்டுமொத்த வரிசையிலும் இடம் கிடைக்கும். மாதம் ஒரு காசு என்று நிதானமாக, ஜார்ஜ் காலத்து அரை ரூபாயும் குடியரசுக் காலத்து நினைவுக் காசும் கலந்து சேர்ப்பவருக்கு இந்த முறைதான் பொருந்தும். ஒரே செட்டை எடுத்துக்கொண்டு முடித்தே தீருவது என்று இருப்பவருக்கு பி.சி.ஜி.எஸ். கணக்கு நேர்மையானது. முடிக்காதவரை அது முடித்தவராகக் காட்டாது.

பி.சி.ஜி.எஸ். பக்கம் இன்னொரு நல்ல ஏற்பாடு உண்டு. எவ்ரிமேன் செட்களில் ஏ.யு. 58 வரைதான் அனுமதி. அதாவது கொஞ்சமாவது புழங்கிய காசுகள் மட்டும். பணத்தை அள்ளிக் கொட்டி 67 வாங்குகிறவர் அங்கே வர முடியாது. லோபால் என்ற வகையில் தேய்ந்த காசுக்குத்தான் முதல் மரியாதை, தரம் 1 வாங்கியது வெல்லும். நீங்கள் சேர்க்கும் இந்திய வரிசைக்கு இந்த வகை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

எந்தக் காசுக்கு எந்த வழி

இன்றைக்கு நூறு ஆண்டு என்றால் 1920-களின் நடுப்பகுதி வரை அடித்த காசுகள் எல்லைக்குள் வந்துவிட்டன. ஆண்டுக்கு ஓர் ஆண்டாக இந்த எல்லை நகர்ந்துகொண்டே இருக்கிறது. வெள்ளி ரூபாய் சேர்ப்பவர்களுக்கு இங்கே ஒரு தெளிவான கோடு தானாகவே விழுகிறது. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் புழக்கத்துக்காக அடித்தது 1911 முதல் 1922 வரை. அதன் பிறகு 1938-இல்தான் ஆறாம் ஜார்ஜ் ரூபாய் வந்தது. ஆக வில்லியம், விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம். ஆறாம் ஜார்ஜும் குடியரசும் இந்தப் பக்கம்.

அந்தப் பக்கத்து ரூபாய்க்கு ஒரே வழி, ஏற்கெனவே ஸ்லாப்பில் இருப்பதை வாங்குவது. வீட்டுப் பூஜை அறையில் இருக்கும் ரூபாயை ரெஜிஸ்ட்ரிக்குள் கொண்டுபோகலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். விக்டோரியா, எட்வர்டு வரிசைக்கு ரெஜிஸ்ட்ரியைத் தேர்ந்தெடுக்க நாங்கள் சொல்லும் முறை இது: ஆறு மாதம் எதையும் வாங்காமல், உள்நாட்டு ஏலப் பட்டியல்களைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். உங்கள் செட்டின் மிகக் கடினமான மூன்று காசுகள் எந்தப் பெட்டியில் வருகின்றன என்று எண்ணுங்கள். அவை எந்தப் பெட்டியில் அதிகம் வருகின்றனவோ அந்த ரெஜிஸ்ட்ரிதான் உங்களுக்கு. எளிய காசு இரண்டு பெட்டியிலும் கிடைக்கும், அதைப் பார்த்து முடிவெடுத்தால் கடினமான கட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

இந்த வரிசையில் 1862 ரூபாய் தனிக் கவனம் கேட்கிறது. 1862 என்ற அதே ஆண்டைப் பொறித்தபடியே 1874 வரை அந்த ரூபாயை அடித்தார்கள். எந்த நாணயச்சாலை, எந்த ஆண்டு என்பதற்கு அடையாளம் பின்பக்கம் ஆண்டின் அருகே இருக்கும் சின்னஞ்சிறு புள்ளிகள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பை வைத்து, காசைக் கொஞ்சம் சாய்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எண்ணினால்தான் தெரியும். தேய்ந்த காசில் ஒரு புள்ளி இதழ் வேலைப்பாட்டோடு கலந்துவிடும். செட்டில் 1862-க்கு ஒரே கட்டமா, புள்ளிவாரியாகப் பல கட்டமா என்று முதலில் பாருங்கள். பல கட்டம் என்றால், ஸ்லாப்பின் லேபிளில் அந்த வகை எழுதியிருக்க வேண்டும். காசில் புள்ளி தெரிந்தும் லேபிளில் வெறும் 1862 என்று இருந்தால் மென்பொருள் அந்தக் கட்டத்தில் ஏற்காது. லேபிளைத் திருத்த ஸ்லாப்பை நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும், நம்மால் அனுப்ப முடியாது. முழு விலை கொடுத்த காசு கட்டத்துக்கு வெளியே நின்றுவிடும். 1835 வில்லியம் ரூபாயில் கழுத்து வெட்டில் வரும் எழுத்துகளுக்கும் இதே எச்சரிக்கைதான்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் நிலைமை வேறு. ஆறாம் ஜார்ஜ் ரூபாய், 1950 முதல் வந்த குடியரசின் அணாக் காசுகள், 1957 ஏப்ரல் 1-க்குப் பிந்தைய நயா பைசா, 1964 நேரு ரூபாய், 1969 காந்தி நூற்றாண்டு வெள்ளிப் பத்து ரூபாய் எல்லாவற்றையும் நாமே கிரேடிங்குக்கு அனுப்பலாம், பெட்டியும் மாற்றலாம். இங்கேதான் இரண்டு ரெஜிஸ்ட்ரிக்கும் நடுவே உண்மையான தேர்வு இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர் குடியரசுக் காசில் தொடங்குவதே சரி என்பது எங்கள் கருத்து. தவறு நடந்தாலும் திருத்திக்கொள்ளலாம்.

ஆனால் இந்த வரிசையில் ஒரு கணக்கு கசக்கும். சாதாரண 1985 ரூபாய்க் காசின் விலையைவிட அதை ஸ்லாப்பில் போடும் செலவு பல மடங்கு. கிரேடிங் கட்டணம், கையாளும் கட்டணம், போக வர அஞ்சல், காப்பீடு, சுங்கம் எல்லாம் சேரும். ஆக, தானே 66-க்கு மேல் வாங்கும் என்று லூப்பில் பார்த்து நம்பிக்கை வந்த காசை மட்டும் அனுப்புங்கள், மற்றதை ஸ்லாப்பிலேயே வாங்குவது மலிவு. இன்னொன்று, இந்தியச் செட் சிலவற்றில் போட்டியாளர்கள் மிகச் சிலரே. ஒருவர் மட்டும் ஓடும் ஓட்டத்தில் முதலிடம் வந்ததற்காக அந்தக் காசுக்கு விலை ஏறிவிடாது. விற்பவர் “டாப் பாப்புங்கண்ணா” என்றால், அதாவது நிறுவனத்தின் எண்ணிக்கைப் பட்டியலில் இதற்கு மேல் தரம் இல்லை என்றால், எத்தனை காசு மதிப்பிட்டதில் டாப் என்று கேளுங்கள். மொத்தம் நான்கு காசு மட்டும் மதிப்பிடப்பட்டிருந்தால் அந்தச் சொல்லுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. எண்ணிக்கைப் பட்டியல்கள் காசை எண்ணுவதில்லை, தரம் போட்ட தடவைகளை எண்ணுகின்றன. ஒரே காசை உடைத்து மூன்று முறை அனுப்பி, பழைய லேபிளைத் திருப்பித் தராவிட்டால் அது மூன்று காசாக நிற்கும்.

அனுப்பும் முன்

சீர்த் தட்டில் வைக்க, பூஜைக்கு எடுக்க என்று நம் வீடுகளில் வெள்ளிக் காசைப் புளி போட்டு விளக்குவது வழக்கம். விபூதி வைத்துத் தேய்ப்பவர்களும் உண்டு. கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும். மேசை விளக்கின் கீழ் காசை மெல்லச் சுற்றிப் பாருங்கள். தொடாத காசில் ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்போலச் சுழலும். விளக்கிய காசில் அந்தச் சுழற்சி செத்துப்போய், ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் தெரியும். அதற்கு எண் தரம் கிடைக்காது, கழுவியது என்று எழுதி டீடெய்ல்ஸ் லேபிள்தான் வரும். போட்டியில் அதற்கு மதிப்பில்லை. காசு மாலையில் கோத்து, பிறகு வளையம் அறுத்து எடுத்த ரூபாயும் அப்படியே. தலைக்கு மேலே விளிம்பில் பற்று வைத்த இடம் மழுங்கியிருக்கும், விரல் நகத்தால் தடவினாலே தட்டுப்படும். ஷராப்புகள் என்ற காசு மாற்றுவோர் வெட்டிய அடையாளமும் எண் தரத்தைக் கெடுக்கும்.

எடை, காந்தம் இரண்டையும் மறக்காதீர்கள். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் பழைய தர வெள்ளி ரூபாய் 11.66 கிராமை ஒட்டி நிற்க வேண்டும், தேய்மானத்துக்குக் கொஞ்சம் குறையலாம். 1940-இல் வெள்ளியின் அளவை ஏறக்குறையப் பாதியாக்கினார்கள், எடையை மாற்றவில்லை. 1947 ரூபாய் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். ஒட்டாவிட்டால் அது வேறேதோ. 1939 பம்பாய் ரூபாய் என்று யாராவது நீட்டினால் கடைசி எண்ணை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். 1938-இன் 8-ஐச் சுரண்டி 9 ஆக்கிய காசுகள் சுற்றுகின்றன. ஸ்லாப்பில் இல்லாத 1939-ஐ வாங்கவே வேண்டாம்.

அனுப்பும் காசை மென்மையான பி.வி.சி. உறையில் வைக்காதீர்கள். வெயிலிலும் ஈரத்திலும் அது கசிந்து காசின் மேல் பச்சைப் பசையாகப் படியும். மைலார் உறைதான் சரி. படிவத்தில் வகை குறிக்கும் சேவைக்குத் தனிக் கட்டணம் உண்டு. உங்கள் கட்டத்துக்கு அது தேவை என்றால் அப்போதே டிக் செய்யுங்கள். நாணயச்சாலைக் குறியையும் எழுதுங்கள்: ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, பம்பாய்க்கு வைரம், கல்கத்தாவுக்குக் குறியே இல்லை. குறி இல்லாத காசை மட்டும் தேய்மானத்தில் குறி போனதோடு குழப்பிவிட வாய்ப்புண்டு.

பல கூரியர் நிறுவனங்கள் காசை ஏற்பதில்லை. வேறு பொருள் என்று எழுதி அனுப்பினால் காப்பீடு செல்லாது, சுங்கத்தில் சிக்கினால் காசும் போகும். ஆண்டு தெளிவாகப் பொறித்த குடியரசுக் காசுதானே என்று இருக்க வேண்டாம், தொல்லியல் துறையின் தொல்பொருள் அல்ல என்ற சான்று கேட்கப்பட்டால் அதைப் பெற்றுத்தான் அனுப்ப வேண்டும். போகும்போது உள்ள ஏற்றுமதித் தாள்களைப் பத்திரமாக வையுங்கள். திரும்பி வரும்போது புதிதாக வாங்கிய பொருள் என்று வரி போடாமலிருக்க அவைதான் ஆதாரம். முதல் முறை என்றால், பலருடைய காசைச் சேர்த்து அனுப்பும் முகவர் வழியே ஐந்து காசுக்குள் அனுப்பிப் பழகுங்கள்.

ஸ்லாப்பில் வாங்கும்போது சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தட்டி, அங்கே இருக்கும் படத்தையும் கையில் உள்ள காசையும் ஒப்பிடுங்கள். கருமையின் ஓரக்கோடு, ஒரு சிறு கீறல் என இரண்டு அடையாளமாவது ஒத்துவர வேண்டும். போலி ஸ்லாப்பில் உண்மையான எண் இருக்கும், காசு வேறாக இருக்கும். எண் பழைய உரிமையாளரின் செட்டிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதும் அடிக்கடி நடக்கும். தளத்தில் மாற்றக் கோரிக்கை அனுப்பினால் விடுபடும், அதற்காக விலைச்சீட்டை வைத்திருங்கள். செட்டின் பெயரில் சொந்தப் பெயரையும் ஊரையும் போடாதீர்கள். வீட்டில் என்ன இருக்கிறது என்பதை ஊருக்கே சொன்னதாகிவிடும்.

செம்புக் காசு சேர்ப்பவருக்கு ஒரு சொல். கால் அணாவில் சிவப்பு, செம்பழுப்பு, பழுப்பு என்று நிறத்துக்கும் தரம் உண்டு, சிவப்புக்குத்தான் மேலிடம். ஸ்லாப் காற்றுப் புகாத பெட்டி அல்ல. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் சிவப்பு மெல்ல மங்கும், லேபிள் மட்டும் சிவப்பு என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ரப்பர் வளையம் உள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, மாதம் ஒருமுறை அதை மாற்றுங்கள்.

ஓட்டத்துக்கு வெளியே

வெள்ளலூரில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகள், கரூர் அமராவதி ஆற்றில் வந்த மாக்கோதை, கொல்லிப்புறை காசுகள் எல்லாம் நம் மண்ணின் வரலாறு. இவற்றை ரெஜிஸ்ட்ரிக்காகத் தேட வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறோம். புதையலாகக் கிடைத்த காசுகளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். ஆற்று மணலில் சலித்து எடுத்துக் காகிதம் இல்லாமல் கைமாறும் காசு, எங்கே எந்த அடுக்கில் கிடந்தது என்ற செய்தியை இழந்துவிடுகிறது. அந்த இழப்பை எந்தத் தர எண்ணும் ஈடுகட்டாது.

போட்டி இல்லாமல் சேகரிப்பைக் காட்ட என்.ஜி.சி.யில் கஸ்டம் செட் என்ற வழி இருக்கிறது. கட்டங்களை நாமே வகுத்து, ஒவ்வொரு காசுக்கும் குறிப்பு எழுதலாம். ஆண்டுதோறும் அவர்கள் தரும் விருதுகளில் அதிகத் தகவல் தந்த செட், நன்கு அமைந்த செட் போன்ற பிரிவுகளும் உண்டு. தர எண்ணுக்கு ஓடுகிறவரைவிட, காசைப் படிக்கத் தெரிந்தவருக்கு இது நல்ல இடம். கொங்கில் இருப்பவருக்கு இதற்கான பொருள் பக்கத்திலேயே கிடக்கிறது. திப்பு காலத்தில் சத்தியமங்கலத்துக்கு சலாமாபாத் என்று பெயர், அந்தப் பெயரில் செப்புக் காசு அடித்திருக்கிறார்கள். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் நாணயச்சாலையின் பெயர். 1787 முதல் வந்த காசுகளில் ஆண்டு, நபிகள் பிறப்பிலிருந்து எண்ணும் மௌலூதி கணக்கில் இருக்கும், இலக்கங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். பெரும்பாலானவை தேய்ந்து, ஒன்றிரண்டு இலக்கம் மட்டும் மிஞ்சியவையாகத்தான் கிடைக்கும். யானையின் துதிக்கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கொடி இருக்கிறதா, எந்த எழுத்து மிச்சம் என்று காசுக்கு ஒரு பக்கம் எழுதிவையுங்கள்.